டிரக் முதுகில் ஒரு குட்டி வீடு: வசதியைக் கூட்டு, எடையைக் குறை!

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பிக்கப் டிரக்கின் தொட்டிக்குள் உட்கார்ந்து ஊர் சுற்றும் ‘பாப்-அப் கேம்பர்’களுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. பணம் இருந்தால் வாங்கிவிடலாம். அதற்குள் நிம்மதியாகத் தூங்கி, சமைத்து, குளிர் தாங்கி வாழ்வதற்குத்தான் கணக்குத் தெரிய வேண்டும். எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது, எதற்கு முதலில் செலவு செய்வது? ஒரு முழுமையான அலசல்.

யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகளில், வசந்த கால மாலைகளில் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். புழுதி படிந்த பிக்கப் டிரக் ஒன்று பாறை ஓரமாக வந்து நிற்கும். அதன் முதுகில் உயரம் குறைந்த பெட்டி ஒன்று. ஓட்டி வந்தவர் இறங்கி, வெளியே இருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிப்பார். பின்கதவு வழியாக உள்ளே ஏறி, கூரையை இரு கைகளாலும் மேலே தள்ளுவார். சுற்றிலும் துணிச் சுவர் விரியும். ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு ஓர் அறை தயார். டிரைவர் இருக்கைக்கு மேலே நீண்டிருக்கும் பகுதியில் இருவர் படுக்கும் கட்டில், பக்கத்தில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ். வாடகை கிடையாது, முன்பதிவு கிடையாது.

இது எப்படிச் சாத்தியம்? அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலத்தைக் கையில் வைத்திருக்கிறது. பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில்தான். அந்த நிலங்களில் பெரும்பாலான இடங்களில் 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை இலவசமாக முகாமிடலாம். தேசிய வனங்களிலும் இதேபோன்ற அனுமதி உண்டு. ஆனால் அங்கே குழாயும் இல்லை, மின்கம்பமும் இல்லை, கழிப்பறையும் இல்லை. பாதையும் பல இடங்களில் மேடு பள்ளம்தான். பெரிய மோட்டார் வீடுகள் அங்கே போய்ச் சேர முடியாது. கூடாரம் போட்டால் குளிரும் காற்றும் விடாது. இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததுதான் பாப்-அப் கேம்பர்.

ஸ்டைன்பெக் செய்த வேலை

டிரக் முதுகில் வீடு கட்டும் ஆசை புதிதல்ல. 1960-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், தன் நாய் சார்லியுடன் அமெரிக்காவைச் சுற்றிவரக் கிளம்பினார். ஜி.எம்.சி. பிக்கப் டிரக் ஒன்றில், சிறு படகின் அறையைப் போன்ற வீட்டை ஏற்றி, டான் குயிக்சாட்டின் குதிரையின் பெயரையே அதற்கும் வைத்தார்: ரோசினான்டே. அந்தப் பயணத்தைப் பற்றிய நூல் 1962-ல் வெளிவந்தது. வண்டி இன்றும் கலிஃபோர்னியாவின் சலீனாஸ் நகரில் உள்ள ஸ்டைன்பெக் மையத்தில் நிற்கிறது.

அந்த நூலில் கேம்பர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. தேவைக்கு மேல் துணிமணி, கருவிகள், போர்வைகள் என்று அடைத்துக்கொண்டதை ஸ்டைன்பெக்கே ஒப்புக்கொள்கிறார். படிக்க நேரம் கிடைக்கும் என்று நம்பி ஏற்றிய புத்தகங்களே எழுபது கிலோவை ஒட்டி இருந்ததாம். பின்னர் ஓரிகன் மாநிலத்தில், கொட்டும் மழையில், டயர் வெடித்து நடுவழியில் நிற்கிறார். பாரம் தாங்கும் கனமான டயர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேடி அலைய வேண்டியதாகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் கேம்பர்காரர்களின் முதல் பிரச்னை மாறவில்லை. அதன் பெயர் எடை.

ரோசினான்டேவின் சுவர்கள் கெட்டியானவை, கூரை நிலையானது. கூரையை ஏற்றி இறக்கும் வகையும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. 1950-களில் உருவான அலாஸ்கன் கேம்பரில் மேல் பாதி முழுவதும் ஹைட்ராலிக் விசையால் உயரும். 1972-ல் தொடங்கப்பட்ட ‘ஃபோர் வீல் கேம்பர்ஸ்’ நிறுவனம், அலுமினியச் சட்டமும் துணிச் சுவரும் கொண்ட எடை குறைந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்று இதே பாணியில் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் பல உள்ளன.

கூரையை மடக்குவதில் என்ன லாபம்? ஓடும்போது உயரம் குறைவு என்பதால் காற்றின் எதிர்ப்பு குறையும், பெட்ரோல் மிச்சமாகும். பாரத்தின் மையம் தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் வண்டி அதிகம் சாயாது. தாழ்ந்த மரக்கிளைகளுக்கு அடியில் நுழையலாம். எல்லாவற்றுக்கும் மேலாக எடை. கெட்டிச் சுவர் கேம்பர்கள் ஒரு டன்னைச் சாதாரணமாகத் தாண்டும்; எளிய பாப்-அப் கேம்பர் அதில் பாதி இருக்கும்.

கதவோரத்து ஸ்டிக்கர்

கேம்பரை மேம்படுத்த நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, தன் டிரக்கின் டிரைவர் கதவைத்தான். கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையுடன் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே மாடல் டிரக்காக இருந்தாலும் இருக்கை, எஞ்சின், கூரைக் கண்ணாடி போன்ற வசதிகளைப் பொறுத்து இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். விளம்பரத்தில் சொல்லும் எண்ணை நம்பக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு என்று இருக்கிறது. அதாவது 680 கிலோ. கேம்பரின் வெற்று எடை 500 கிலோ. பேட்டரி, ஃபிரிட்ஜ், ஹீட்டர், வெயில் மறைப்பு எல்லாம் சேர்ந்து 80. தண்ணீர்த் தொட்டியில் 20 கேலன், அதாவது 75 லிட்டர். எடையும் 75 கிலோ. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து 150. சாப்பாடு, துணி, கேஸ், கருவிகள் 80. கூட்டினால் 885 கிலோ. வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே 205 கிலோ அதிகம்!

‘ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்திவிட்டால் சரியாகிவிடும்’ என்பது பரவலான நம்பிக்கை. பின்புற இலை ஸ்பிரிங்குகளுக்குத் துணையாகக் காற்றுப் பைகளைப் பொருத்துவார்கள். காற்றடித்தால் பின்பக்கம் நிமிரும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் கம்பியைப் போடுவார்கள். இரண்டும் நல்ல மாற்றங்கள்தான். வண்டி நேராக நிற்கும், வளைவுகளில் அலைபாயாது. ஆனால் பிரேக், அச்சு, சேஸிஸ், சக்கரம் எதுவும் மாறுவதில்லை. ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு கிலோகூட உயராது. மிஞ்சிப் போனால் இரண்டே வழிகள்: பெரிய டிரக், அல்லது சிறிய ஆசை.

டயரில் கஞ்சத்தனம் கூடாது. பாரம் தாங்கும் ‘இ’ வகை டயர்களை இவ்வகை டிரக்குகளில் போடுவது வழக்கம். எடைக்கு ஏற்ற காற்றழுத்தம் வேண்டும். கரடுமுரடான பாதையில் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் குலுக்கல் குறையும். திரும்பத் தார்ச்சாலைக்கு ஏறும் முன் காற்றடிக்க, 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாரத்தின் மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பேட்டரி, தண்ணீர் போன்ற கனமான பொருட்களைத் தாழ்வாகவும் முன்புறமாகவும் வைப்பது அதற்காகத்தான். பின் பம்பரில் ஸ்பேர் டயர், டீசல் கேன், கருவிப்பெட்டி என்று தொங்கவிட்டால் அவை நெம்புகோலாக வேலை செய்து முன் சக்கரங்களின் மீதுள்ள பாரத்தைக் குறைக்கும். ஸ்டியரிங் லேசாகி, பிடிப்பு போய்விடும்.

முழுச் சாமானும் ஏற்றி, தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, ஆட்களும் உட்கார்ந்த நிலையில் ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் ‘கேட் ஸ்கேல்’ என்ற பெயருடன் இருக்கும் எடை மேடைகளில் சில டாலருக்கு முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். பல ஆயிரம் டாலர் மேம்பாட்டுக்குக் கிளம்புகிறவர் இந்தச் சீட்டை முதலில் வாங்கிவிட வேண்டும்.

குளிரை விட மோசமான எதிரி

கொலராடோ மலைகளில் செப்டம்பரிலேயே இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். துணிச் சுவர் குளிரைத் தடுக்கவே தடுக்காது. அதனால் எல்லோரும் முதலில் ஹீட்டரைப் பற்றித்தான் யோசிப்பார்கள். ஆனால் இரண்டு இரவு தங்கினால் நிஜ எதிரி யார் என்று தெரிந்துவிடும்: ஈரம்.

இருவர் மூச்சு விடும்போது வெளியேறும் நீராவி, குளிர்ந்த கூரையிலும் துணியிலும் படிந்து சொட்டும். அடுப்பைப் பற்றவைத்தால் இன்னும் மோசம். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும் என்பது வேதியியல் கணக்கு. புகைபோக்கி இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் சிறு ஹீட்டர்கள், வெப்பத்தோடு இந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொட்டுகின்றன. காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பலகை நனைந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இதற்கான மாற்றங்கள் மலிவானவை. முதலாவது, மெத்தைக்கு அடியில் காற்றோட்டம். முறுக்கு நார் போன்ற பிளாஸ்டிக் வலைவிரிப்போ, பலகையின் மீது அடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பிரிங் தட்டுகளோ இதற்கென்றே விற்கின்றன. ஸ்பிரிங் தட்டுகள் முதுகுக்கும் சுகம். இரண்டாவது, துணிச் சுவருக்கு உள்பக்கம் ஒட்டும் வெப்பத்தடுப்புத் திரை. துணிக்கும் திரைக்கும் நடுவே அகப்படும் காற்றுப் படலம்தான் குளிரைத் தடுக்கிறது. சிலர் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் விரிப்பை ஜன்னல் அளவுக்கு வெட்டிப் பொருத்திக்கொள்கிறார்கள். மூன்றாவது, கூரையில் வேகத்தை மாற்றக்கூடிய மின்விசிறி. எவ்வளவு குளிரானாலும் கூரைத் திறப்பை ஒரு விரல்கடை திறந்து, ஒரு ஜன்னலையும் கொஞ்சம் விட்டு வைப்பது கட்டாயம். ‘வெளியே குளிருது, மூடுங்க’ என்று வீட்டில் சண்டை வரும். மூடினால் காலையில் மழை உள்ளேயே பெய்யும்!

ஹீட்டரில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று புரோபேன் ஃபர்னஸ். எரிதல் தனி அறைக்குள் நடக்கும். புகையும் ஈரமும் வெளியே போய்விடும். விசிறி வெறும் வெதுவெதுப்பான காற்றை மட்டும் உள்ளே அனுப்பும். 16,000 பி.டி.யு. திறனுள்ள ஃபர்னஸ் இரவில் மொத்தம் நான்கு மணி நேரம் ஓடினால் சுமார் 1.3 கிலோ புரோபேன் செலவாகும். ஒன்பது கிலோ சிலிண்டர் ஒரு வாரத்துக்கு வரும். குறை: விசிறியின் சத்தமும், அது குடிக்கும் மின்சாரமும்.

மற்றொன்று டீசல் ஹீட்டர். ஐரோப்பாவில் லாரி ஓட்டுநர்களின் தூக்க அறைக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இது. வெபாஸ்டோ, எபர்ஸ்பேகர் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் பெயர் பெற்றவையும் உண்டு. அவற்றின் மலிவான சீனப் பிரதிகளும் உண்டு. இரவு முழுக்க ஓடினாலும் ஒன்று, ஒன்றரை லிட்டர் டீசல் போதும். தொடங்கும்போது மட்டும் மின்சாரத்தை அதிகம் இழுக்கும்; பிறகு மிகக் குறைவு. ஆனால் உயரம் இதற்கு ஆகாது. மலையேறினால் காற்று மெலிகிறது. எரிபொருள் அளவு குறையாவிட்டால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். உயரத்துக்கு ஏற்ப எரிபொருளைத் தானே திருத்திக்கொள்ளும் வகையைத்தான் ராக்கி மலைப் பயணிகள் தேட வேண்டும். கையடக்கப் புரோபேன் ஹீட்டர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பிராணவாயு குறைந்தால் தானாக அணையும் பாதுகாப்பு அவற்றில் இருப்பதால், 7,000 அடிக்கு மேல் அவை அணைந்துவிடக்கூடும். குளிர் அதிகமாகும் உயரத்தில்தான் இது நடக்கும்.

எந்தக் கட்சியானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவும் படுக்கக் கூடாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புரோபேன் கசிவைக் காட்டும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு அது, கீழேதான் தேங்கும். இரண்டு கருவிகளுக்கும் ஆயுட்காலம் உண்டு. பின்பக்கத்தில் அச்சிட்ட தேதி முடிந்தால் விளக்கு எரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

மின்சாரம்: வரவும் செலவும்

பழைய கேம்பர்களில் மின்சாரம் பெரிய விஷயமாக இல்லை. இரண்டு பல்பு, ஒரு பம்பு, அவ்வளவுதான். புரோபேனில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தது. 1922-ல் ஸ்வீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த உறிஞ்சு முறைக் குளிர்சாதனம்தான் அதன் மூலம். அசையும் பாகமோ சத்தமோ கிடையாது. ஆனால் வண்டி சமமாக நிற்காவிட்டால் சரியாக வேலை செய்யாது. அரிசோனா வெயிலில் பாலைக் கெடாமல் வைப்பதே அதற்குக் கஷ்டம். அதனால் இன்று பெரும்பாலானோர் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு மாறுகிறார்கள். சரிவில் நின்றாலும் கவலை இல்லை. விலையாக மின்சாரத்தைக் கேட்கும்.

ஒரு நாள் செலவை எழுதிப் பார்க்கலாம். ஃபிரிட்ஜ் 30 முதல் 40 ஆம்பியர்-மணி. குளிர் இரவில் ஃபர்னஸ் விசிறி 18. எல்.இ.டி. விளக்குகள் 3. பம்பு 1. போன், லேப்டாப், கேமரா 10. ஆக மொத்தம் சுமார் 60 முதல் 70. இதில் மிகச் சுலபமான சிக்கனம் விளக்குதான். பழைய வகை பல்பு ஒன்று 18 வாட் குடிக்கும். அதே வெளிச்சத்தை எல்.இ.டி. இரண்டு மூன்று வாட்டில் தரும். பத்து டாலர் செலவில் முடியும் மேம்பாடு.

வரவுப் பக்கம் கவனிக்க வேண்டியவை மூன்று. வரும் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியில் இருந்து தொடங்குவோம். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி 30 கிலோ எடையில் 50-தான் தரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதே அளவில் 12 கிலோ சுற்றி இருக்கும். ஏறத்தாழ முழுவதையும் பயன்படுத்தலாம். காசு கூடும், எடை குறையும். கேம்பரில் வசதியும் கூடி எடையும் குறையும் அபூர்வமான மாற்றம் இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்புள்ள பேட்டரியை வாங்கி, வெளிப்பெட்டியில் வைக்காமல் அறைக்குள் வைக்க வேண்டும்.

அடுத்தது டிரக்கின் ஆல்டர்னேட்டர். முன்பெல்லாம் ஒரு கம்பியை இழுத்துக் கேம்பர் பேட்டரியோடு இணைத்துவிடுவார்கள். இன்றைய டிரக்குகளில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜை அடிக்கடி குறைத்துக்கொள்கிறது. பேட்டரி முழுதாக நிரம்பாது. மறுபக்கம், லித்தியம் பேட்டரி தாகத்தோடு மின்சாரத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கியும் விடும். இரண்டுக்கும் மருந்து டிசி-டிசி சார்ஜர். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் செலவு திரும்பக் கிடைத்துவிடும். கம்பி போதுமான தடிமனில் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இருக்க வேண்டும். நாள்முழுக்கக் குலுங்கும் வண்டியில் உராய்ந்து தேய்ந்த கம்பி தீயில் கொண்டுபோய் விடும்.

மூன்றாவது சூரிய ஒளி. நல்ல கோடை வெயிலில் 160 வாட் தகடு ஒரு நாளில் சுமார் 50 ஆம்பியர்-மணி தரும். டிசம்பரில் பாதியும் கிடைக்காது. ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள் தங்குபவருக்குத் தகடு அவசியம். தினமும் இடம் மாறுபவருக்கு டிசி-டிசி சார்ஜரே போதும். தங்குவது நிழலில், சூரியத் தகடு மட்டும் வெயிலில் என்று மடக்கித் தூக்கும் தகட்டை வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கூரையின் கணக்கு

ஒரே ஒரு தகடு என்றாலும் கூரையில் பத்து கிலோ ஏறுகிறது. இன்னொரு தகடு, மேலே சரக்குக் கம்பி, அதன் மீது கயாக் படகு என்று போனால், கூரையைத் தூக்குவது உடற்பயிற்சியாகிவிடும். முன்னும் பின்னும் உள்ள மடக்குப் பலகைகளைத் தள்ளித்தான் கூரையை ஏற்ற வேண்டும். அதற்கு உதவியாக கேஸ் ஸ்ட்ரட்டுகளைப் பொருத்திக்கொள்ளலாம். காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்குமே, அதே குழாய்தான். ஆனால் கூரையின் எடைக்குப் பொருந்தும் விசையில் வாங்க வேண்டும். விசை மிகுந்தால் கூரையை இறக்கவே முடியாது.

ஏற்றும் முன் வெளிக் கொக்கிகள் அனைத்தும் விடுபட்டனவா என்று ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். ஒன்று மாட்டியிருந்தாலும் சட்டம் வளையும். ஏற்றி இறக்கும்போது கதவையோ கூரைத் திறப்பையோ திறந்துவைத்தால் காற்று தடையின்றிப் போய்வரும். இறக்கும்போது துணியை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். விளிம்பில் சிக்கி ஓடினால் நூறு கிலோமீட்டரில் ஓட்டை விழும். ஈரத்தோடு மடக்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் கூரையை ஏற்றி நன்றாக உலர்த்த வேண்டும். பனி பெய்யும் இரவில் எழுந்து கூரையில் சேர்ந்ததைத் தள்ளுவதும், பலத்த காற்றில் வண்டியின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துவதும் பாப்-அப் வாழ்க்கையின் பகுதி. காற்று எல்லை மீறினால் கூரையை இறக்கிவிட்டுக் கீழ் இருக்கையில் சுருண்டுகொள்ள வேண்டியதுதான். அதனால்தான் கீழே ஒருவராவது படுக்கும் நீளத்துக்கு இருக்கை உள்ள அமைப்பை அனுபவசாலிகள் விரும்புகிறார்கள்.

தண்ணீர், சமையல், மற்றவை

75 லிட்டர் தொட்டி என்றால் எப்போதும் 75 லிட்டர் சுமக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நீண்ட ஓட்டத்தில் பாதி நிரப்பி, முகாமுக்குப் பக்கத்து ஊரில் மீதியை நிரப்பிக்கொள்ளலாம். வெந்நீர் இயந்திரம் பலருக்கும் தேவையற்ற பாரம். கெட்டிலில் காய்ச்சிய தண்ணீரை வெளிப்புற ஷவர் பையில் கலந்தால் குளியல் முடிந்தது. 12 வோல்ட் பம்பு நிமிடத்துக்கு 11 லிட்டர் வரை தள்ளும். குழாய்முனையில் நீரைக் குறைக்கும் சிறு மூடி ஒன்று போட்டால் தொட்டி இரண்டு நாள் கூடுதலாக வரும். குளிர்காலத்தில் குழாய்களைக் காலிசெய்து, விஷமற்ற புரோபிலீன் கிளைகால் திரவத்தை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்பும் குழாயும் வெடிக்கும். பனிப் பயணிகள் பலர் தொட்டியையே விட்டுவிட்டு, அறைக்குள் கேனில் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்கள்.

கழிப்பறைக்கு அளவான தீர்வு கையில் தூக்கும் கேசட் வகைதான். பாலைவனப் பள்ளத்தாக்குகளில் கழிவைப் பையில் கட்டி வெளியே கொண்டுவருவது பல இடங்களில் விதி. பாத்திரம் கழுவிய நீரையும் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது. இலவச நிலங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்குக் குப்பையும் கழிவும் ஒரு முக்கியக் காரணம்.

சமையலில் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சாதம் வேக நேரமாகும். துவரம் பருப்பு லேசில் வேகாது. மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் இருந்தால் கேஸும் மிச்சம், நேரமும் மிச்சம். அறைக்குள் பரவும் நீராவியும் குறையும். தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொண்டால் துணிச் சுவருக்கு நல்லது. வெங்காய வாசனை வினைல் துணியை விட்டு லேசில் போகாது. பின்கதவருகே மடக்கு மேசையும் சிறு அடுப்பும் இருந்தால் போதும்.

கரடுபாதையில் இன்னொரு வேலை திருகாணிகளைக் கவனிப்பது. அலை அலையான மண்பாதையின் அதிர்வு எல்லாவற்றையும் கழற்றும். கேம்பரைத் தொட்டியோடு பிணைக்கும் முறுக்குக் கம்பிகளை முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பார்த்து இறுக்க வேண்டும். கேம்பருக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் அது வழுக்காது.

செலவு வரிசை

கையில் உள்ள பணம் எவ்வளவானாலும் இந்த வரிசையில் இறங்குவது நல்லது:

1. எடை மேடைச் சீட்டு, கார்பன் மோனாக்சைடு, புரோபேன் எச்சரிக்கைக் கருவிகள், தீயணைப்பான்.
2. பாரத்துக்கு ஏற்ற டயர், உறுதியான பிணைப்புக் கம்பிகள்.
3. மெத்தை, அதன் அடியில் காற்றோட்டம், வெப்பத்தடுப்புத் திரை, கூரை விசிறி.
4. எல்.இ.டி. விளக்குகள், லித்தியம் பேட்டரி, டிசி-டிசி சார்ஜர்.
5. புகைபோக்கியுள்ள ஹீட்டர்.
6. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், தேவைப்பட்டால் சூரியத் தகடு.
7. காற்றுப் பை, ஆட்டம் குறைக்கும் கம்பி. இவை எடை மேடைச் சீட்டு சொன்னால் மட்டும்.
8. வெயில் மறைப்பு, வெளி விளக்கு, கூரைக் கம்பி. இவை இல்லாமலும் வாழலாம்.

பெரும்பாலானோர் இந்தப் பட்டியலைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வெயில் மறைப்பும் விளக்குகளும் முதலில் வருகின்றன. ஈரமான மெத்தையைக் கவனிக்க ஆளில்லை.

எல்லா வசதிகளோடும் ஆலையிலிருந்தே வாங்குவதா, வெற்றுக் கூடாக வாங்கி நாமே நிரப்புவதா? கையில் கொஞ்சம் மின்வேலையும் மரவேலையும் தெரிந்தால் வெற்றுக் கூடே மேல். எடை நம் கட்டுப்பாட்டில் இருக்கும். எது எங்கே ஓடுகிறது என்றும் தெரியும். பாலைவனத்தில் ஃபியூஸ் போனால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். பயன்படுத்திய கேம்பர் வாங்குவோர் துணியின் மடிப்பு ஓரங்களையும், தரைப்பலகையின் மூலைகளையும், கூரைத் திறப்பைச் சுற்றியுள்ள பசையையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பலகை மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

முடிவாக ஒன்று. புதிதாகக் கேம்பர் வாங்கியவர்கள் எதையும் மாற்றாமல், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், குளிர்ந்த இரவு ஒன்றில் போய்த் தங்கிப் பாருங்கள். எது தூக்கத்தைக் கெடுத்ததோ அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். அடுத்த முறை போய்வந்து, தொடாமலே திரும்பிய சாமான்களை இறக்கி வையுங்கள். கேம்பரில் சேர்ப்பதற்குக் கடை போதும், கழிப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும்.